முதல் வாத்தியார்

எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பெண் நான். அந்தக் கர்வம் எனக்குக் கொஞ்சம் உண்டு. சேர்க்கை விண்ணப்பத்தில் அம்மா கைநாட்டு வைத்தபோது, யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று தாளை மறைத்துக்கொண்டவள் நான்!

சென்ற விடுமுறையில் தோழியின் அழைப்பை ஏற்றுக் காயல்பட்டினம் போயிருந்தேன். மணமான பின்னும் பெண்கள் தாய்வீட்டிலேயே வாழும் ஊர் அது. பாட்டி, மகள், பேத்தி மூவரும் ஒரே கூரையின் கீழ்! கூடத்தில் தோழியின் பாட்டி பேத்திகளுக்கு ஒரு பழைய நூலை வாசித்துக்கொண்டிருந்தார். நூலில் வலமிருந்து இடமாக அரபு எழுத்துகள். காதில் விழுந்ததோ தமிழ்! அதுதான் அரபுத்தமிழ். அரபியில் இல்லாத ப, ட, ழ போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்திலேயே புள்ளி கூட்டிப் புது எழுத்து அமைத்திருக்கிறார்கள். கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816-1898) போன்ற அறிஞர்கள் இதில் நூல்கள் இயற்றினார்கள். பள்ளிக்கூடம் போகாத பெண்கள் பலர் வீட்டிலிருந்தே இதைக் கற்றார்கள்.

“பாட்டி, நீங்கள் எங்கே படித்தீர்கள்?” என்றேன்.

“நான் எங்கே படிச்சேன்? எல்லாம் எங்க உம்மா சொல்லித் தந்ததுதான்” என்று சிரித்தார்.

பேருந்தில் திரும்பும்போது அந்தச் சிரிப்பு என் நெஞ்சை உறுத்தியது. பீடி சுற்றும் என் அம்மா நினைவுக்கு வந்தாள். “25 பீடி ஒரு கட்டு. 1000 பீடிக்கு எத்தனை கட்டு?” நான் பள்ளியில் சேருமுன்பே மடியில் தட்டை வைத்துக்கொண்டு என்னைக் கேட்டவள் அவள். என் முதல் கணக்கு வாத்தியார்!

வீட்டுக்குள் நுழைந்ததும், “40 கட்டு அம்மா!” என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை.

இனி அம்மா கைநாட்டு வைக்கும் தாளை நான் மறைக்க மாட்டேன்.