கிணறும் வாய்க்காலும் தொட்டியும்

புதிய கருவியொன்று வீட்டுக்குள் வரும்போது அதனுடன் ஒரு சொற்கூட்டமும் சேர்ந்து வந்துவிடுகிறது. வானொலியோடு சிற்றலையும் மத்திய அலையும் வந்தன. தொலைக்காட்சியோடு அன்ரெனாவும் பூஸ்ரரும் வந்தன. இப்போது சேர்வர், ஸ்ட்ரீமிங், பஃபரிங், கோடெக், காஸ்ட்டிங் என்று ஒரு பட்டாளமே வந்திருக்கிறது. பெட்டியின் மேல் அச்சிடப்பட்ட இச்சொற்களைக் கண்டதும், இது நமக்குரியதல்ல என்று ஒதுங்கிவிடுவோர் என் வயதினரிடையே பலர். ஆங்கிலச் செய்திகளை நள்ளிரவில் தமிழாக்கிக் காலம் கழித்தவன் நான். ஒரு சொல் பிடிபடாவிட்டால் அது குறிக்கும் பொருளைத் தேடிப் பார் என்பதே எங்கள் தொழிலின் முதற்பாடம்.

தேடிப் பார்க்க எனக்கொரு காரணமும் இருந்தது. செவ்விகளுக்காகப் பல்லாண்டுகளாகப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் ஒரு பெட்டி நிறைய என்னிடமுண்டு. கூத்து அண்ணாவிமார், நாதஸ்வர வித்துவான்கள், ஆசிரியர்கள் எனப் பேசியவர்களிற் பெரும்பாலோர் இன்றில்லை. ஒரு நாடாவின் முடிவில், சாப்பாடு ஆறுகிறதென்று என்னை அழைக்கும் என் தாயாரின் குரலும் இருக்கிறது. அவற்றையெல்லாம் கணினிக்கு மாற்றித் தந்த என் பெறாமகன், வீட்டின் எந்த அறையிலிருந்தும் அவற்றைக் கேட்க ஒழுங்கு செய்யலாம் என்றான். ஆகவே சொற்களோடு மல்லுக்கட்ட வேண்டியதாயிற்று.

யாழ்ப்பாணத்துத் தோட்டக் கிணற்றை நினைத்துக்கொண்டால் இவற்றுட் பாதி விளங்கிவிடும். சேர்வர் என்பது கிணறு. தமிழில் இதனை வழங்கி என்கிறார்கள், நல்ல சொல். பழைய கணினியொன்றும் வழங்கியாகலாம். வன்தட்டுப் பொருத்திய சிறு பெட்டியும் ஆகலாம். தொலைக்காட்சியும் கைத்தொலைபேசியும் தண்ணீரைப் பெறும் பாத்திகள். வீட்டு வலையமைப்பு வாய்க்கால். ரவுட்டர், வாய்க்காலை வெட்டியும் அடைத்தும் எந்தப் பாத்திக்குத் தண்ணீர் போகவேண்டுமென்று பார்த்துவிடும் மனிதர்.

"பெரியப்பா, இதுக்கு இன்ரநெற் தேவையில்லை. வெளி வயரைக் கழற்றினாலும் பாட்டு ஓடும்" என்றான் பெறாமகன். பலர் அறியாத செய்தி இது. கிணறும் பாத்தியும் ஒரே வளவுக்குள் இருக்கும்போது ஒழுங்கைக்கு ஏன் போகவேண்டும்?

பஃபர் என்பது கிணற்றடித் தொட்டி. இறைப்பு சற்றுத் தடைப்பட்டாலும் தொட்டியில் உள்ளது ஓடிக்கொண்டிருக்கும். தொட்டி வற்றினால் படம் நின்று ஒரு வளையம் சுழலும். வாய்க்கால் ஒடுக்கமென்பதே பெரும்பாலும் அதன் பொருள். சுவர்கள் பலவற்றைத் தாண்டிவரும் வைஃபையைவிட வயர் இணைப்பு நம்பகமானது என்பதும் இதனாலேயே.

ஓட்டத்தின் அளவைப் பிட் கணக்கிற் சொல்வார்கள். சேமிப்பின் அளவைப் பைட் கணக்கிற் சொல்வார்கள். 8 பிட் சேர்ந்தது 1 பைட். இசை இறுவட்டொன்றின் ஓட்டம் விநாடிக்கு 1,411 கிலோபிட். அதனை 128 கிலோபிட் எம்.பி.3 ஆகச் சுருக்கினால் பதினொன்றில் ஒரு பங்கே மிஞ்சும். ஒரு மணி நேர ஒலி 635 மெகாபைட்டிலிருந்து 58 மெகாபைட்டாகிவிடும்.

இவ்வாறு சுருக்கி விரிக்கும் முறையே கோடெக். எம்.பி.4, எம்.கே.வி. என்பன கோடெக் அல்ல; அவை பொதிகள். பொதியைத் தொலைக்காட்சி அவிழ்த்துவிடும். உள்ளேயிருக்கும் ஒலியின் கோடெக் அதற்குத் தெரியாதிருக்கலாம். படம் தெரிந்து குரல் கேளாமற் போவதற்கு இதுவும் ஒரு காரணம். அப்போது வழங்கியே வேறொரு கோடெக்குக்கு மாற்றி அனுப்புவதை டிரான்ஸ்கோடிங் என்பர். எனக்கு இது பழகிய வேலைதான். மொழிபெயர்ப்பின் மொழிபெயர்ப்பில் ஏதோவொன்று உதிர்ந்துபோகும். ஆகையால் மூலப்பிரதியைச் சுருக்காமலோ, எதையும் இழக்காது சுருக்கும் ஃப்ளாக் முறையிலோ வைத்திருப்பதே நன்று.

டி.எல்.என்.ஏ. என்பது கருவியுமல்ல, மென்பொருளுமல்ல. பல நிறுவனங்களின் கருவிகள் ஒன்றையொன்று கண்டு பேசுவதற்கான உடன்பாடு. 2003இல் அமைந்த அக்கூட்டமைப்பு 2017இற் கலைந்துவிட்டது. ஆயினும் அந்த உடன்பாட்டின்படி அமைந்த கருவிகள் இன்றும் இயங்குகின்றன. காஸ்ட்டிங், மிரரிங் என்ற இரண்டையும் ஒன்றென எண்ணுவோருண்டு. இணையத்திலுள்ள படமொன்றைக் காஸ்ட் செய்யும்போது, எங்கே போய் எடுக்கவேண்டுமென்று கைத்தொலைபேசி தொலைக்காட்சிக்குச் சொல்லிவிட்டு விலகிக்கொள்கிறது. மிரரிங்கில் கைத்தொலைபேசியின் திரையே அப்படியே போகிறது; அதனை அணைத்தால் படமும் அணையும்.

இனி முக்கியமான சொல்லுக்கு வருகிறேன். 1925இற் கொழும்பில் வானொலி தொடங்கியது. ஒலிபரப்பு என்ற சொல்லிலேயே பரப்புதல் இருக்கிறது. ஓர் அலை எல்லா வீட்டுக்கும் பொது. நேயர் பெருகினாலும் பரப்புபவருக்குச் சுமை கூடுவதில்லை. ஸ்ட்ரீமிங் பெரும்பாலும் அப்படியன்று. கேட்பவர் ஒவ்வொருவருக்கும் தனி வாய்க்கால் வெட்டப்படுகிறது. ஓடிமுடிந்தபின் பாத்தியில் எதுவும் தங்குவதில்லை. சந்தா கட்டி நாம் கேட்கும் பாட்டும் பார்க்கும் படமும் பிறர் கிணற்றுத் தண்ணீர். அவர்கள் மூடிய நாளில் நமக்கு எஞ்சுவது ஒன்றுமில்லை. சினிமாப் பாட்டுக்கு அதனாற் பெரிய நட்டமில்லை, வேறிடத்திற் கிடைக்கும். மறைந்த அண்ணாவியார் ஒருவரின் குரல் வேறிடத்திற் கிடைக்காது.

கிணறு நம் வளவுக்குள் இருந்தாற் போதுமா? போதாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, வேறெங்கும் பிரதியில்லாத ஏடுகளும் சேர்ந்து எரிந்தன. அத்தலைமுறையைச் சேர்ந்த எங்களுக்கு ஒற்றைப் பிரதியில் நம்பிக்கை வருவதில்லை. வன்தட்டும் ஒருநாள் பழுதாகும். எனவே என் ஒலிநாடாக்களின் இரண்டாவது பிரதி கடல்கடந்து உறவினர் வீடொன்றில் இருக்கிறது.

புலம்பெயர்ந்த நம்மவர் வீடுகளிலும் இத்தகைய நாடாப் பெட்டிகள் பல இருக்கும். கடைக்காரர் எந்தச் சொல்லைச் சொன்னாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். பொருள் எங்கே இருக்கிறது? அதனை யார் கொண்டுவருகிறார்? யார் அவிழ்க்கிறார்? இவற்றுக்கு விடை கிடைத்தால் எந்தச் சொல்லும் பிடிபட்டுவிடும். முதற்கேள்விக்கு மட்டும் விடை தெளிவாக வரும்வரை காசைக் கொடுத்துவிடாதீர்கள்.