புள்ளி விட்ட எழுத்து

எங்கள் வீட்டில் சம்பந்தம் என்றால் சொந்தத்துக்குள்தான். "தெரிஞ்ச வீட்டுல குடுத்தா பிள்ள கண்ணு முன்னாலயே இருக்கும்" என்பது பீடோங் பக்கத் தோட்டத்து லயத்தில் வாழ்ந்த பாட்டியின் கணக்கு. அதற்குச் சட்டமும் இடம் கொடுக்கிறது. மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சட்டம் மாமன், மருமகள் உறவில் திருமணத்தைத் தடுக்கிறது. ஆனால் வழக்கப்படி அக்காள், தங்கை மகளைக் கட்டும் இந்துவுக்கு மட்டும் விலக்கு உண்டு.

பெரியம்மாவைத் தாய்மாமனுக்குத்தான் கட்டினார்கள். அவர்களின் மகன், என் அண்ணன், 34 வயதிலும் சட்டைப் பொத்தான் போடத் தெரியாதவர். என்ன நோய் என்று யாரும் கண்டுபிடிக்கவில்லை. சொந்தக்காரர்கள் மட்டும் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டார்கள்: பெரியம்மாவின் வயிறு.

இப்போது எனக்கு மாமா மகளைப் பேசுகிறார்கள். எனக்கு உயிரியல் எஸ்.பி.எம்.மோடு முடிந்தது. குலிமில் இயந்திரம் பார்க்கிற ஆள். இருந்தாலும் தேடிப் படித்தேன்.

டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படுகிறது என்பது பள்ளியில் படித்ததுதான். படியெடுத்த பிறகும் வேலை இருக்கிறது. சில நொதிகள் அந்த ஆர்.என்.ஏ. மேல் சின்னச் சின்ன வேதிக் குறிகள் இடுகின்றன. 170 வகைக்கு மேல் தெரிந்திருக்கிறது. ஓலைச்சுவடியில் பெரும்பாலும் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது, படிப்பவர் ஊகித்துக்கொள்வார். செல்லுக்கு அப்படி ஊகிக்கத் தெரியாது.

என்.எஸ்.யூ.என்.2 என்பது அப்படிப் புள்ளி வைக்கிற ஒரு நொதி. அது மெத்தில் குறி இடாவிட்டால், புரதம் கட்ட உதவும் கடத்தி ஆர்.என்.ஏ.க்கள் எளிதில் வெட்டுப்படுகின்றன. 2012இல் ஈரான், பாகிஸ்தான் குடும்பங்களில் அறிவுவளர்ச்சிக் குறைபாட்டுக்கு இந்த மரபணுவின் பழுது காரணம் என்று கண்டார்கள். பாகிஸ்தான் குடும்பத்தில் மாறியிருந்தது ஒரே ஓர் அமினோ அமிலம். நொதி உருவானது; ஆனால் வேலை செய்ய வேண்டிய நியூக்ளியோலசுக்குப் போய்ச் சேரவில்லை.

அண்ணனுக்கும் இதுதான் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இந்த வகை நோயின் கணக்கு முக்கியம். ஒரு பழுதான பிரதியும் ஒரு நல்ல பிரதியும் உள்ளவருக்கு ஒன்றும் ஆகாது. இருவரும் அப்படி இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு பங்கு ஆபத்து. அத்தை, மாமன் பிள்ளைகள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு மரபணுவைப் பகிர்கிறார்கள். மாமனும் மருமகளும் நாலில் ஒரு பங்கு. சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருக்கிறார்கள். பழுது வந்தால் மட்டும், பாதி தாயிடமிருந்து, பாதி தகப்பனிடமிருந்து. எந்த வயிற்றையும் தனியாகக் குற்றம் சொல்ல முடியாது.

பள்ளியிலேயே தலசீமியாவுக்கு ரத்தம் எடுக்கிற நாடு இது. கல்யாணத்துக்கு முன்னால் மரபணு ஆலோசகரிடம் போவதும் வெட்கப்பட வேண்டிய விஷயமில்லை. அவர் முதலில் கேட்பது மூன்று தலைமுறையின் குடும்ப வரைபடத்தை. எங்கள் வரைபடத்தில் கோடுகள் திரும்பத் திரும்ப ஒரே பாட்டியிடம் போய் முட்டும்.

மாமா மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போவோம்" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "அத்தைகிட்ட இத யாராச்சும் சொன்னாங்களா?" என்று கேட்டாள்.

34 வருஷமாக யாரும் சொல்லவில்லை. ஆலோசகரைப் பார்ப்பதற்கு முன்னால், இந்த ஞாயிறு இருவரும் பெரியம்மா வீட்டுக்குப் போகிறோம்.