கழட்டோணுமோ, வேண்டாமோ?

கார் பற்றறி ஒன்றைக் கழற்றிப் புதியதைப் பூட்டப் பத்து நிமிடம் போதும். ஜப்பான் வாகனம் என்றால் பத்தாம் நம்பர் ஸ்பானர், ஒரு துண்டு உப்புத்தாள், கொஞ்சம் கிறீஸ். இதற்கு ஏன் ஓர் ஆளை வீட்டுக்குக் கூப்பிடுகிறார்கள் என்று பருத்தித்துறையில் அந்த வேலை செய்யும் அண்ணையிடமே கேட்டேன்.

“கழட்டிப் பூட்டுறதுக்கு நான் காசு வாங்கிறேல்லை. கழட்டோணுமோ எண்டு பாக்கத்தான் வாங்கிறன்.”

அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு தகரக் கொட்டில்தான் கடை. உள்ளே சார்ச் ஏறும் பற்றறிகள் வரிசையாகக் கொதித்துக்கொண்டிருக்கின்றன. அசிற் மணம் தொண்டையில் பிடிக்கிறது. அவருடைய காற்சட்டை முழங்காலுக்குக் கீழே சல்லடை. பருத்தித் துணியில் ஒரு துளி அசிற் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது, தோய்த்து எடுக்கும்போதுதான் ஓட்டை விழும். அதனால் வேலைக்கென்று நல்ல உடுப்பு வாங்குவதை அவர் எப்போதோ விட்டுவிட்டார்.

அன்று காலை புலோலியிலிருந்து அழைப்பு. ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டில் பிரியஸ் கார் அசையவில்லை. அண்ணை தன் ஹொண்டா எம்.டி. 90இன் பின்னால் பிளாஸ்ரிக் பெட்டியை ரியூப் றப்பரால் இறுக்கிக் கட்டினார். பெட்டிக்குள் சின்னப் பற்றறி ஒன்று, மீற்றர், வயர்கள். புதுப் பற்றறி இல்லை. “அதையும் கொண்டு போனால் விக்கிற எண்ணம் வந்திடும்” என்றார். நான் சைக்கிளில் பின்னால் போனேன்.

ஆசிரியர் முகம் வெளிறி நின்றார். “பெரிய பற்றறி போட்டுதோ தம்பி?” பிரியஸ் வைத்திருப்பவர்கள் எல்லாருக்கும் இருக்கும் பயம் இது. அந்தக் காரில் இரண்டு பற்றறிகள். ஒன்று பின்புறம் கிடக்கும் 201.6 வோல்ற் பெரியது. போனால் இலட்சக் கணக்கில் செலவு. மற்றது சாதாரண 12 வோல்ற். எஞ்சினைச் சுழற்றுவது பெரியதுதான். ஆனால் அதை விழிக்கச் செய்யும் கணினிக்கும் றிலேகளுக்கும் மின்சாரம் கொடுப்பது சின்னது. சின்னது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை.

கதவே திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் ஒளிந்திருக்கும் இரும்புத் திறப்பை அண்ணை இழுத்தெடுத்துக் காட்ட, ஆசிரியர் அப்படியொன்று இருப்பதையே முதன்முறையாகப் பார்த்தார். அடுத்த சிக்கல்: 12 வோல்ற் பற்றறி இருப்பது பின் டிக்கிக்குள், வலது மூலையில். டிக்கியின் பூட்டோ மின்சாரத்தில் திறப்பது. டிக்கியைத் திறக்கப் பற்றறி வேண்டும், பற்றறியை எடுக்க டிக்கி திறக்க வேண்டும். அண்ணை முன் பொனற்றைத் தூக்கி, பியூஸ் பெட்டியின் மூடியைக் கழற்றினார். உள்ளே ஒரு பிளஸ் முனை, இதற்கென்றே விட்டிருக்கிறார்கள். தன் சின்னப் பற்றறியின் பிளஸ்ஸை அதில் கொடுத்து, மைனஸை எஞ்சின் பக்கத்து வெறும் இரும்பில் கவ்வ விட்டார். பின்னால் ‘டக்’ என்றது.

டிக்கியைத் திறந்ததும் அவர் முதலில் தொட்டது மீற்றரை அல்ல, பற்றறியின் பக்கவாட்டிலிருந்து போகும் மெல்லிய குழாயை. சார்ச் ஏறும்போது ஐதரசன் வெளிவரும். பற்றறி ஆட்கள் இருக்கும் அறைக்குள்ளேயே இருப்பதால் அந்த வாயு குழாய் வழியாக வெளியே போக வேண்டும். முன்பு யாரோ சாதாரணப் பற்றறியைப் பூட்டிக் குழாயைச் சும்மா விட்டிருந்தால் அதுவும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதில் குழாய் ஒழுங்காக இருந்தது.

மீற்றர் 4 வோல்ற்றுக்கும் கீழே காட்டியது. நல்ல பற்றறியில் ஆறு செல், ஒவ்வொன்றும் 2.1 வோல்ற், மொத்தம் 12.6. 12.4 என்றால் முக்கால்வாசி. 11.9 என்றால் வெறுமை. 4 என்பது நெடுநாள் வெறுமையாய்க் கிடந்ததன் கணக்கு. ஈயத் தட்டில் படியும் சல்பேற் முதலில் மிருதுவாக இருக்கும், சார்ச் ஏற்றினால் கரையும். கிழமைக் கணக்கில் விட்டால் இறுகிப் பளிங்காகும். பிறகு எந்தச் சார்ச்சும் அதைக் கரைக்காது. கஸ்தோன் பிளான்தே 1859இல் பிரான்சில் ஈயத்தகட்டையும் கந்தக அமிலத்தையும் வைத்துச் செய்த காலம் தொட்டு இந்த வகைப் பற்றறிக்கு இருக்கும் நோய் இது.

“எத்தினை நாளாய் எடுக்கேல்லை சேர்?”

பிள்ளைகள் கனடாவில். கார் எடுப்பது மந்திகை ஆஸ்பத்திரிக்கு, வல்லிபுரக் கோயிலுக்கு. இந்த முறை இரண்டு மாதம் கொழும்பில் மகள் வீட்டில் நின்றிருக்கிறார். நிறுத்தி வைத்த காரிலும் கதவுப் பூட்டும் மணிக்கூடும் திறப்பைத் தேடும் கருவியும் சொட்டுச் சொட்டாக மின்சாரம் குடிக்கும். இதை மாற்றத்தான் வேண்டும். பற்றறியில் இருந்த எஸ்34பி20ஆர் என்ற குறியை அண்ணை கையில் பேனாவால் எழுதிக்கொண்டார். ஜப்பான் குறியீட்டில் 34 வலு, பி அகலமும் உயரமும், 20 நீளம் சென்ரிமீற்றரில். கடைசி ஆர் என்பதுதான் ஆட்களை விழுத்துவது. பிளஸ் முனை இருக்கும் குறும்பக்கத்தில் நின்று பார்த்தால் அது வலக்கைப் பக்கம். எல் வாங்கி வந்தால் வயர் எட்டாது. எட்டுகிறதென்று இழுத்து மாறிக் கொடுத்தால் பியூஸ் எரியும், சில வேளை அதற்கு மேலும்.

பின்னேரம் பூட்டினார். கழற்றும்போது முதலில் மைனஸ், பூட்டும்போது கடைசியில் மைனஸ். கார் உடம்பு முழுவதும் மைனஸ் என்பதால், பிளஸ்ஸைக் கழற்றும் ஸ்பானர் தவறி உடம்பில் பட்டால் நெருப்புப் பறக்கும்; மைனஸ் ஏற்கெனவே கழன்றிருந்தால் ஒன்றும் நடக்காது. ரேடியோ மட்டும் ஜப்பான் எழுத்தில் ஏதோ கேட்டுப் பூட்டிக்கொண்டது. மின்சாரம் அறுந்தால் அந்த ரேடியோக்களுக்குக் கோட் போட வேண்டும், அது வேறு ஆளின் வேலை. மற்றக் கார்களில் பெட்டியில் கொண்டுவரும் சின்னப் பற்றறியைக் கூடவே கொடுத்துவிட்டு மாற்றினால் இந்த வில்லங்கம் வராது. ஏற்கெனவே செத்ததில் அதற்கு வழியில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்திய அரசாங்கம் கார்களுக்கு மீண்டும் வழி விட்டது 2025 பெப்ரவரியில்; அதுவரை இருந்த கார்களையே காப்பாற்ற வேண்டியிருந்தது. இடையில் 2022இல் பெற்றோல் இல்லாமல் வாகனங்கள் முற்றத்தில் நின்றன. கியூஆர் முறை வந்து பெற்றோலைக் கிழமைக்கு இவ்வளவு என்று அளந்தபோதும் ஓடிய தூரம் கொஞ்சம். அந்த வருடம் செத்த பற்றறிகளுக்குக் கணக்கில்லை என்கிறார் அண்ணை. ஓடித் தேய்ந்ததைவிட நின்று செத்தவைதான் அவருடைய வருமானம்.

இந்தத் தொழிலை அவர் கற்றது வேறு விதமாக. போர்க்காலம்; 1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றது. அரசாங்கத்தின் பொருளாதாரத் தடைப் பட்டியலில் எரிபொருளோடு பற்றறியும் இருந்தது, ரோச் லைற் பற்றறி உட்பட. ஓஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின: காபறேற்றருக்குள் துளிப் பெற்றோலை விட்டு எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றுவது. அந்தக் கார்களுக்கு முன்னால் ஹான்டில் போட்டுச் சுற்றலாம். ஆகவே காரிலிருந்த பற்றறி வீட்டுக்குள் வந்துவிட்டது. கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிக்கு, குழாய் விளக்குக்கு, ரேடியோவுக்கு. பற்றறி இல்லாதவர்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி, டைனமோவில் பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். பற்றறி உள்ளவர்கள் அதை சைக்கிள் கரியரில் வைத்து, ஜெனரேற்றர் ஓடும் கடைக்குச் சார்ச் ஏற்றக் கொண்டுபோனார்கள். அப்படியொரு கடையில்தான் அண்ணை உதவிக்கு நின்றிருக்கிறார்.

“அப்ப மாத்திறதெண்டு ஒரு சொல்லே இல்லை. திறக்கிறதுதான்.”

பழைய பற்றறிகளின் பெட்டி கறுப்பு எபோனைற். மேலே கீல் ஊற்றி மூடியிருக்கும். செல்லுக்குச் செல் போகும் ஈயப் பட்டை வெளியே தெரியும். எந்தச் செல் செத்தது என்று தனித்தனியே அளந்து, கீலைச் சூடாக்கி வழித்து, அந்தச் செல்லின் தட்டுக்கட்டை மட்டும் தூக்கி எடுப்பார்கள். மூன்று செத்த பற்றறிகளிலிருந்து ஒரு உயிருள்ளது. தட்டுகளுக்கிடையே வைக்கும் மரச் சலாகை கிடைக்காதபோது கையில் அகப்பட்டதைச் சீவி வைத்தார்களாம். வடித்த நீரும் இல்லை. குடாநாட்டுக் கிணறுகள் சுண்ணக்கல்லில் இறங்கியவை. அந்தத் தண்ணீரை விட்டால் தட்டில் படியும். அதனால் மாரியில் கூரைத் தண்ணீரை, முதல் மழையை விட்டு இரண்டாம் மழையை, வெள்ளைச் சீலையில் வடித்துப் போத்தலில் அடைத்து வைத்தார்கள். இன்றைய பிளாஸ்ரிக் பெட்டியைச் சூட்டில் ஒட்டிவிடுகிறார்கள். திறந்தால் குப்பைதான். அண்ணை இதைக் குறையாகச் சொல்லவில்லை. புதியவை தண்ணீர் கேட்காமல் வருடக் கணக்கில் கிடப்பதை மெச்சுகிறார். பழைய காலத்தை நினைத்து ஏங்குவது என் வேலையாக இருந்தது, அவருடையது அல்ல.

அந்தக் காலம் அவரிடம் விட்டுச் சென்றது சந்தேகப்படும் பழக்கம். அடுத்த நாள் தெருமூடி மடத்துக்குள்ளால் தும்பளைப் பக்கம் போனோம். கடலுக்கு அண்மையில் ஒரு வீடு, பழைய அல்ரோ கார். ஆறு மாதத்துக்கு முன்தான் புதுப் பற்றறி போட்டிருக்கிறார்கள். திறப்பைத் திருப்பினால் ‘டிக் டிக்’ என்கிறது. வீட்டுக்காரத் தம்பி பற்றறி மோசம் என்று முடிவு கட்டி, முனையில் பூத்திருந்த வெள்ளைப் பொடியையும் காட்டினார், உப்புக் காற்று என்று. “அது அசிற் ஆவி தம்பி. கொழும்பிலையும் பூக்கும்” என்று சொல்லி அண்ணை சுடுதண்ணீர் கேட்டார். பொடியைக் கழுவினார். மீற்றரில் 12.5. எஞ்சினை அடிக்கச் சொல்லி முனையிலேயே பிடித்துப் பார்த்தார். பத்துக்குக் கீழே இறங்கவில்லை. பற்றறி நல்லது. பிறகு மீற்றரின் ஒரு கம்பியை மைனஸ் முனையிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வைத்து மறுபடி அடிக்கச் சொன்னார். பூச்சியத்தை ஒட்டி நிற்க வேண்டிய இடத்தில் 3 வோல்ற்றுக்கு மேல். மைனஸ் வயர் உடம்பில் பூட்டிய நட்டைக் கழற்றினால் உள்ளே முழுக்கத் துரு. கடற்காற்று அங்கேதான் வேலை செய்திருக்கிறது. சுரண்டி, உப்புத்தாள் போட்டு, கிறீஸ் பூசி இறுக்கினார். ஒரே அடியில் கார் எழும்பியது.

தம்பிக்குச் சந்தோஷத்தோடு ஒரு ஏமாற்றமும். “அப்ப புதுசு தேவையில்லையோ?”

“இருக்கிறதே புதுசுதானே.”

கடைக்குத் திரும்பியபோது கொட்டிலின் பின்புறம் பழைய பற்றறிகள் அடுக்கிக் கிடந்தன. புதியது வாங்குகிறவர் பழையதைக் கொடுத்தால் விலையில் கழிப்பார். ஏறக்குறைய அறுபது வீதம் ஈயம் என்பதால் அதற்கு எப்போதும் விலை உண்டு. மாதத்துக்கு ஒரு முறை லொறி வந்து அசிற் சிந்தாமல் முழுதாக ஏற்றிப் போகும். முன்பு அண்ணை இங்கேயே உடைத்து, அசிற்றை மணலில் ஊற்றி, ஈயத்தைச் சட்டியில் உருக்கியிருக்கிறார். செனகல் நாட்டின் தாக்கார் அருகே தியாரோய் என்ற ஊரில் பழைய பற்றறி ஈயத்தை வீட்டு முற்றங்களில் பிரித்தெடுத்ததில், 2007 கடைசிக்கும் 2008 தொடக்கத்துக்கும் இடையில் 18 குழந்தைகள் இறந்தார்கள். அதை நான் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசவில்லை. தான் உருக்குவதை நிறுத்தியது பேத்தி தவழத் தொடங்கியபோது என்றார். அதன் ஆபத்து மருந்துக் கடைக்காரர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்ததாம்.

நான் புறப்பட இருந்தபோது சுப்பர்மடத்திலிருந்து மீனவர் ஒருவர் வந்தார். வலையின் அடிக்கயிற்றுக்குக் கட்ட ஈயம் வேண்டும், பழைய பற்றறி இரண்டு தந்தால் தானே உருக்கிக்கொள்வாராம்.

“முழுசாத் தாறேல்லை. உடைச்சும் தாறேல்லை” என்றார் அண்ணை.

“காசுக்குத்தானே அண்ணை கேக்கிறன்.”

“வலைக்கடையிலை வார்த்த ஈயம் கிடக்கு. அதை வாங்கு.”

“அது விலை.”

“விலைதான்.”

மீனவர் முணுமுணுத்துக்கொண்டு சைக்கிளை எடுத்தார், நெல்லியடியில் வாங்கிக்கொள்வதாக. அண்ணை சார்ச்சில் கிடந்த பற்றறிகளின் மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்து ஹைட்ரோமீற்றரை விட்டு அசிற்றை உறிஞ்சி அடர்த்தி பார்க்கத் தொடங்கினார். ஒரு பற்றறியின் மூன்றாவது செல்லில் 1.150தான் காட்டியது; மற்ற ஐந்தும் 1.260. அந்தப் பற்றறியின் மேல் வெள்ளைக்கட்டியால் ஒரு புள்ளடி போட்டார்.