செட் ஆயிரும் அண்ணாச்சி!

கிளட்ச் மாற்றிய வண்டியை ஒர்க்‌ஷாப்பிலிருந்து எடுத்து வரும்போது ஓட்டுபவருக்கு ஒரு தனி சந்தோஷம் இருக்கும். தேய்ந்த கிளட்ச்சை மாதக்கணக்கில் மிதித்து மிதித்து அலுத்துப்போன இடது காலுக்கு, புது பெடல் வெண்ணெய் மாதிரி இறங்கும். பாளையங்கோட்டையில் ஸ்கூல் வேன் ஓட்டும் ஒரு ஆம்னி அண்ணாச்சிக்கு அந்த சந்தோஷம் முதல் சிக்னல் வரைக்கும்தான். நின்று பெடலை மிதித்தால், பாதத்துக்கு அடியில் யாரோ செல்போனை வைப்ரேட்டரில் போட்டு வைத்தது போல ஒரு கிறுகிறுப்பு. காலை எடுத்தால் இல்லை. வைத்தால் மறுபடியும்!

போன் போட்டுக் கேட்டால் மெக்கானிக் தம்பி சிரிக்கிறார். "புது செட்டுல்லா அண்ணாச்சி? ஓட ஓட செட் ஆயிரும்."

தமிழ்நாட்டு ஒர்க்‌ஷாப்புகளில் அதிகம் புழங்கும் வசனம் இதுவாகத்தான் இருக்கும். இதில் பாதி உண்மையும் இருக்கிறது, அதுதான் சிக்கல். புது கிளட்ச் பிளேட்டின் உராயும் பரப்பு, ஃபிளைவீலோடு சீராகப் படிவதற்குச் சில நூறு கிலோமீட்டர் ஆகும். அதுவரை வண்டி கிளம்பும்போது கொஞ்சம் இழுத்துப் பிடிக்கலாம், லேசாக உதறலாம். அது போகப் போகச் சரியாகிவிடும். ஆனால் அந்த உதறல் பெடலை விட்டு வண்டி நகரும் நேரத்தில் வருவது, மொத்த வண்டியும் உணர்வது. நின்ற இடத்தில், பெடலை மிதிக்கும்போது காலுக்கு மட்டும் தெரியும் நடுக்கம் வேறு ஜாதி. இரும்பு சரியாக உட்காரவில்லை என்றால் ஓட ஓட அது உட்காராது, இன்னும் கெடும்.

அண்ணாச்சிக்கு இது வெறும் எரிச்சல் இல்லை. ஆம்னி 1984ல் வந்து 2019ல் உற்பத்தி நின்றுபோன வண்டி. அவருடையதும் பழசுதான், ஆனால் அந்த மாதச் சம்பளம் முழுக்க அதிலிருந்துதான் வருகிறது. கியர்பாக்ஸ் மறுபடி இறக்கினால் ஒரு முழு நாள் போகும். வேலை நாளில் வண்டி நின்றால் அத்தனை பிள்ளைகளுக்கும் ஆட்டோ பிடித்துக் கொடுக்க வேண்டும். கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் திறந்து பார்த்து, தப்பு அங்கே இல்லை என்று ஆகிவிட்டால்? லேபரும் போச்சு, ஞாயிறும் போச்சு. இன்னொரு பக்கம், உள்ளே ஏதாவது போல்ட் கழன்று சுற்றிக்கொண்டிருந்தால் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டவும் மனசு வராது.

(ஏற்கனவே கொடுத்த காசை நினைத்து அடுத்த முடிவை எடுக்கக்கூடாது என்று காமர்ஸ் புத்தகங்கள் அழகாகச் சொல்லும். முந்தாநாள்தான் எண்ணிக் கொடுத்த நோட்டுகளை அப்படி மறந்துவிட முடியுமா என்று அந்தப் புத்தகங்கள் யோசித்த மாதிரி தெரியவில்லை.)

அந்தத் தெருவில் அரசு பஸ் பணிமனையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பெரியவர் ஒருவர் இருக்கிறார். அவரிடம் போனதுதான் அண்ணாச்சி செய்த புத்திசாலித்தனம். அவர் ஸ்பேனரையே தொடவில்லை. "என்ன ஆச்சு" என்றுகூடக் கேட்கவில்லை. "எப்போ நடுங்குது, அதச் சொல்லுடே" என்றார்.

இந்த 'எப்போ' ஏன் முக்கியம் என்பதற்கு, பெடலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஆம்னியில் பெடலிலிருந்து ஒரு கேபிள் சீட்டுக்கு அடியில் இருக்கும் என்ஜினைத் தாண்டி கியர்பாக்ஸ் வரை போகிறது. அது ஒரு ஃபோர்க்கை இழுக்க, ஃபோர்க் ரிலீஸ் பேரிங்கைத் தள்ள, பேரிங் போய் பிரஷர் பிளேட்டின் நடுவில் வட்டமாக நிற்கும் டயாஃப்ரம் ஸ்பிரிங் விரல்களை அமுக்குகிறது. அந்த விரல்கள் என்ஜினோடு எப்போதும் சுற்றிக்கொண்டே இருப்பவை. அவை எல்லாம் ஒரே மட்டத்தில் இருந்தால் பேரிங்குக்கு ஒன்றும் தெரியாது. ஒரு பக்கம் ஏற்றமாக இருந்தால் ஒவ்வொரு சுற்றுக்கும் பேரிங்கை ஒரு உதை. அந்த உதை ஃபோர்க், கேபிள் வழியாக அப்படியே பாதத்துக்கு வந்து சேரும்.

பெரியவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி உட்கார்ந்தார். முதலில் என்ஜின் ஓடாமல் மிதித்துப் பார்த்தார். வழவழப்பாக இறங்கியது, கேபிள் காய்ந்துபோயோ பெடல் புஷ் தேய்ந்தோ இல்லை. அடுத்து பெடலைக் கையால் மெதுவாக அமுக்கினார். முதல் கொஞ்ச தூரம் கனமில்லாமல் சும்மா போனது. அதுதான் ஃப்ரீ பிளே. இது இல்லாமல் கேபிளை முறுக்கி வைத்திருந்தால் பேரிங் எந்நேரமும் விரல்களில் உரசிக்கொண்டே ஓடும், பெடலும் சும்மா இருக்கும்போதே அதிரும். புது பிளேட் போட்டதும் கேபிளை அட்ஜஸ்ட் செய்தாக வேண்டும் என்பதால், அவசரத்தில் அதிகமாக முறுக்கிவிடுவது சகஜம். ரெண்டு நிமிஷ வேலை. அதுவாக இருந்திருந்தால் அண்ணாச்சி தப்பித்திருப்பார்.

பிறகு என்ஜினைப் போட்டு, நியூட்ரலில், அங்குலம் அங்குலமாக மிதித்தார். ஃப்ரீ பிளே முடிகிறவரை ஒன்றுமில்லை. கனம் தட்டிய அதே நொடியில் நடுக்கம் ஆரம்பித்தது. ஆக்சிலேட்டரைக் கொஞ்சம் கொடுத்தால் நடுக்கமும் கூடவே வேகமாகிறது. வண்டி நிற்கிறது, ஆகவே புரொபெல்லர் ஷாஃப்ட், சக்கரம் எல்லாம் நிரபராதிகள்.

அடுத்து செய்ததுதான் அருமை. ஒரு கையை சீட்டில் வைத்துக்கொண்டு, பாதத்தைப் பெடலில் வைத்து, ரெண்டையும் ஒப்பிட்டார். ஐடிலிங்கில் நிமிடத்துக்கு 800 சுற்று என்று வைத்துக்கொண்டால் நொடிக்குச் சுமார் 13 சுற்று. ஆம்னியின் மூன்று சிலிண்டர் என்ஜின் ரெண்டு சுற்றுக்கு மூன்று தடவை எரிவதால், அதன் இயல்பான அதிர்வு நொடிக்கு 20. மவுண்டிங் கெட்டிருந்தாலோ, கேபிள் என்ஜினில் இடித்துக்கொண்டிருந்தாலோ சீட்டில் இருக்கும் அதே பொடி அதிர்வுதான் பெடலுக்கும் வர வேண்டும். பெடலில் வந்ததோ அதைவிட நிதானமான, தடியான தட்டல். சுற்றுக்கு ஒன்று! அவர் கணக்கெல்லாம் போடவில்லை, கால் போட்டது. சந்தேகத்துக்கு, அண்ணாச்சியைக் குனிய வைத்து கேபிளைக் கையால் விலக்கிப் பிடிக்கச் சொல்லியும் பார்த்தார். மாற்றமில்லை. பேரிங்கிலிருந்து கரகர சத்தமும் இல்லை.

"பிரஷர் பிளேட்ட கோணலா முறுக்கிட்டான். ஞாயித்துக்கெழம எறக்கு. அதுவரை மெதுவா போ, சிக்னல்ல நியூட்ரல் போட்டு கால எடுத்துரு" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போய்விட்டார்.

ஞாயிறன்று மெக்கானிக் தம்பி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் கியர்பாக்ஸை இறக்கினார். விரல்களின் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை வைத்துப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது. ஒரு பக்கம் ஸ்கேலுக்கு அடியில் வெளிச்சம் தெரிந்தது. பிரஷர் பிளேட்டைச் சுற்றி இருக்கும் போல்ட்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்க வேண்டும். ஸ்பிரிங்கின் அழுத்தத்துக்கு எதிராக ஒரு பக்கத்தை மட்டும் முதலில் இறுக்கிவிட்டால் மேல் கவர் வளைந்துவிடும். வளைந்தது வளைந்ததுதான். கிளட்ச் பிளேட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை, ரிலீஸ் பேரிங்கும் பிழைத்தது. பிரஷர் பிளேட் மட்டும் புதிது வாங்க வேண்டியதாயிற்று.

யார் வாங்குவது என்பதில் ஒரு டீ நேரம் வாக்குவாதம். பில் எதுவும் கிடையாது, எல்லாம் வாய்வார்த்தை. கடைசியில் லேபர் வேண்டாம், பிளேட் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. அண்ணாச்சி கொடுத்திருக்கவே தேவையில்லாத பாதி அது. ஆனாலும் திங்கட்கிழமை காலை வண்டி வேண்டுமே!

டார்க் ரெஞ்ச் பக்கத்து ஒர்க்‌ஷாப்பிலிருந்து இரவல் வந்தது. தம்பி வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு போல்ட்டுகளை எதிரெதிராக மூன்று ரவுண்டு முறுக்கி முடிக்கும்வரை, அண்ணாச்சி பக்கத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருந்தார்.