தோற்காத அணியின் தலைவர்

விளையாட்டுச் செய்தியில் கோல் அடித்தவரின் பெயர் முதல் வரியிலேயே வந்துவிடும். தடுத்தவரின் பெயர் பெரும்பாலும் வருவதேயில்லை. இந்தத் தவறை நானும் நெடுங்காலம் செய்தவன். அதை எண்ணும்போதெல்லாம் நியூசிலாந்தின் பின்கள வீரர் ரயன் நெல்சன் நினைவுக்கு வருகிறார்.

றக்பியை உயிராக நேசிக்கும் நாட்டில் உதைபந்தாட்டத்தைத் தேர்ந்தவர் அவர். அமெரிக்காவின் டி.சி. யுனைற்றெட் அணிக்குத் தலைமையேற்று 2004இல் கிண்ணம் வென்றார். 2005இல் இங்கிலாந்தின் பிளக்பேர்ன் ரோவர்ஸில் இணைந்து, பின்னர் அங்கும் தலைவரானார்.

2010 உலகக் கிண்ணத்தில் நியூசிலாந்து அணியை வழிநடத்தியவரும் அவரே. நடப்புச் சம்பியன் இத்தாலிக்கு எதிராக அவ்வணியில் மாற்று வீரராக இறங்கிய ஒருவர், வங்கியில் வேலை பார்த்தவர்! அன்று இத்தாலியால் பெனால்டி மூலம் மட்டுமே ஒரு கோல் போட முடிந்தது.

மூன்று போட்டிகளும் சமநிலை. எதிரணிகள் போட்ட கோல்கள் இரண்டே இரண்டு. நியூசிலாந்து முதற்சுற்றுடன் வெளியேறியது. ஆயினும், அத்தொடரில் ஒரு போட்டியிலேனும் தோற்காத ஒரே அணி அதுதான். கிண்ணம் வென்ற ஸ்பெயின்கூட சுவிற்சர்லாந்திடம் தோற்றிருந்தது.

வென்றவர்களையும் தோற்றவர்களையும் மட்டுமே எழுதிப் பழகிய எனக்கு, இவர்களுக்கு என்ன தலைப்பிடுவது என்று இன்றும் தெரியவில்லை.