வயசான காலத்தில் எதுக்கு ஆபரேஷன்?

எழுபதைத் தாண்டியவருக்குச் சிறுநீரகத்தில் கல் என்றால், "இந்த வயசுல எதுக்கு ஆபரேஷன்? வாழைத்தண்டுச் சாறு குடிச்சா போதும்" என்று சொல்ல ஊரில் பத்துப் பேர் இருப்பார்கள். ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான கல் பெரும்பாலும் தானே இறங்கிவிடும், பேர் வாழைத்தண்டுக்குப் போகும். இரண்டு சென்டிமீட்டர் கல் அப்படி இறங்காது.

என் தலைமுறைக்குக் கல் ஆபரேஷன் என்றாலே விலாவுக்குக் கீழே நீளமான தழும்புதான். அந்தப் பயம் இன்னும் விடவில்லை. ஆனால் முதுகில் சின்னத் துளை போட்டுக் கல்லை எடுக்கும் முறையை 1976-லேயே ஸ்வீடன் டாக்டர்கள் வெளியிட்டுவிட்டார்கள். 1980-ல் ம்யூனிக்கில், கத்தியே படாமல் அதிர்வலையால் கல்லைப் பொடியாக்கினார்கள். அந்த எந்திரத்தைச் செய்தது விமானம் செய்துவந்த டோர்னியர் கம்பெனி! இப்போது சிறுநீர் வரும் வழியிலேயே வளையும் குழாயை விட்டு லேசரால் உடைக்கிறார்கள். பெரிய கல்லுக்குத்தான் முதுகுத் துளை.

ஆகவே வயசை மட்டும் காட்டி வேண்டாம் என்பது சரியில்லை. துளை சின்னது என்று அசட்டையாக இருப்பதும் சரியில்லை. நம் வயசில் ஆபத்து பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன்னும் பின்னும்தான்.

மாத்திரைப் பையை டாக்டர் மேஜையில் அப்படியே கவிழ்த்துவிடுங்கள், நாட்டு மருந்து உட்பட. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறவர்கள் அதைத் தாமாக நிறுத்தக் கூடாது. எப்போது நிறுத்துவது, நிறுத்தலாமா என்பதை இதய டாக்டரும் சேர்ந்து சொல்ல வேண்டும். யூரின் கல்ச்சர் (சிறுநீரில் கிருமி பார்க்கும் சோதனை) ரிசல்ட் வந்ததா என்று கேளுங்கள். முதியவர்களுக்குக் கிருமி இருந்தாலும் சில சமயம் காய்ச்சல் காட்டாது. சாப்பாடு இறங்காது, பேச்சு தடுமாறும், அவ்வளவுதான். அந்த நிலையில் கல்லை உடைத்தால் கிருமி ரத்தத்தில் கலந்துவிடலாம்.

அடுத்தது, ஆபரேஷனுக்குப் பின் பலருக்கு உள்ளே வைக்கும் ஸ்டென்ட். சிறுநீரகத்திலிருந்து மூத்திரப்பை வரை, இரு முனையும் சுருண்ட மெல்லிய குழாய். உள்ளே இருக்கும்வரை அடிக்கடி போகத் தோன்றும், விலாவில் சுருக்கென்று இழுக்கும், லேசாக ரத்தம் தெரியும். ஆபரேஷன் கெட்டுவிட்டதோ என்று பதற வேண்டியதில்லை. ஆனால் காய்ச்சலோ குளிரோ வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். சில வாரத்தில் அதை எடுத்தாக வேண்டும். மகனுக்குத் தெரியும் என்று அப்பாவும், அப்பாவுக்குத் தெரியும் என்று மகனும் விட்டுவிடுகிற வீடுகள் உண்டு. மாதக்கணக்கில் கிடந்தால் அதன் மேலேயே கல் படியும். அதை எடுக்க இன்னொரு ஆபரேஷன். டாக்டர் சொன்ன தேதியைத் தினசரி காலண்டரில் அந்தத் தாளிலேயே எழுதிவையுங்கள், கிழிக்கும்போது கண்ணில் படும்.

கல் மறுபடி வராமலிருக்கத் தண்ணீர் குடிக்க வேண்டும்; அந்த விஷயத்தில் நாம் எல்லோரும் ஏமாற்றுக்காரர்கள். வயசானால் தாகம் குறையும்; ராத்திரி எழுந்திருக்கப் பயந்து வேறு குடிப்பதில்லை. பெரும்பங்கைச் சாயங்காலத்துக்குள் குடித்துவிடலாம். இதயம் பலவீனமானவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

எடுத்த கல்லை டப்பாவில் போட்டு வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுவதைவிட லேபுக்கு அனுப்பலாம். யூரிக் அமிலக் கல் என்று தெரிந்தால், அடுத்த முறை மாத்திரையிலேயே கரைக்கப் பார்ப்பார்கள்.