'நாடு'ன்னா இந்தியாவா? - கொல்லிமலை அப்பாயி கேட்ட ஒரு கேள்வி

"திண்ணனூர் நாட்டுல யாரு வீட்டுல கட்டவெட்டிச் சாமை விதை இருக்குது?"

செல்போனைப் பார்த்து அப்பாயி கேட்டதும் பதில் வந்தது: 'மன்னிக்கவும், அப்படி எந்த விதையும் இல்லை.'

அப்பாயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மேல வீட்டுல கிடக்குது கண்ணு. போன வருசம் நாந்தான் குடுத்தேன். இல்லைங்குது பாரு!"

பேத்தி சிரிக்கவில்லை. விதைப் பதிவேட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றியவர் அவர்தான். மேல வீட்டு விதையையும் அவர் கையால்தான் டைப் செய்திருந்தார்.

நாமக்கல் மாவட்டத்தில், காரவள்ளியில் இருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. இங்கே ஊராட்சிகளுக்குப் பெயரே 'நாடு'தான். வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு, சேலூர் நாடு, திண்ணனூர் நாடு என்று மொத்தம் 14. பேத்திக்கு கோவையில் சாஃப்ட்வேர் வேலை. விதைப்புக்கு முன்னால் யாரிடம் எந்த விதை இருக்கிறது என்று போனிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டால் நன்றாக இருக்குமே என்று ஊரில் சொன்னார்கள். நோட்டுப் புத்தகத்தில் இருந்ததை எல்லாம் டேட்டாபேஸாக மாற்றி, அதோடு ஓர் ஏ.ஐ. ஏஜென்ட்டை இணைத்தார்.

அன்று இரவு, அந்த ஏஜென்ட் உள்ளே என்ன தேடியது என்று எடுத்துப் பார்த்தார். 'நாடு: இந்தியா. தானியம்: கட்டவெட்டி.'

தப்பு ஏஜென்ட் மேல் இல்லை என்று அப்போது புரிந்தது.

ஏ.ஐ. ஏஜென்ட் நேராக டேட்டாபேஸுக்குள் போய்ப் பார்ப்பதில்லை. அதற்கு நாம் ஒரு 'டூல்' கொடுக்கிறோம். அந்த டூலின் பெயர், அது என்ன செய்யும் என்ற விளக்கம், என்னென்ன விவரம் கொடுக்க வேண்டும் என்ற பட்டியல்... இவைதான் ஏஜென்ட்டின் கண்ணில் படும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட 'மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால்' முறையிலும் இதே அமைப்புதான். பேத்தி எழுதியிருந்த விளக்கம் ஒரே வரி: 'விதை விவரங்களைத் தேடும்.' கீழே இரண்டு கட்டங்கள்: நாடு, தானியம். மலையில் பிறந்தவருக்கு அது போதும். மலையைப் பார்க்காத ஏஜென்ட்டுக்கு நாடு என்றால் இந்தியாதானே!

காலையில் விஷயத்தைச் சொன்னதும் அப்பாயி கேட்டார். "சின்னப் புள்ளையை விதை வாங்கியாரச் சொல்லி அனுப்புனா, எந்த வீடு, எந்தப் பானை, எத்தனை படின்னு சொல்லித்தானே அனுப்பணும்? நீ சொன்னியா?"

சொல்லவில்லை. திண்ணையில் உட்கார்ந்து, அப்பாயியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே விளக்கத்தைப் புதிதாக எழுத ஆரம்பித்தார்.

'இந்த டூல், கொல்லிமலை விவசாயிகள் வீட்டில் இருக்கும் விதைகளை, பதிவேட்டில் உள்ளபடி தேடித் தரும். விலை, மழை, பயிர் நோய் பற்றிய கேள்விகளுக்கு இதைப் பயன்படுத்த வேண்டாம்.'

'நாடு: கொல்லிமலை ஊராட்சியின் பெயர். தேசம் அல்ல. உதாரணம்: திண்ணனூர் நாடு.' கூடவே 14 பெயர்களையும் பட்டியலாகக் கொடுத்து, அதில் ஒன்றைத்தான் எடுக்க முடியும் என்று மாற்றினார்.

'தானியம்: சாமை, தினை, கேழ்வரகு போன்ற பொதுப்பெயர். ரகம்: அந்தத் தானியத்தின் உள்ளூர்ப் பெயர். உதாரணம்: கட்டவெட்டி, பெருஞ்சாமை, மல்லியச் சாமை. ரகம் தெரியாவிட்டால் காலியாக விடலாம்.'

'அளவு: கிலோவில் மட்டும். வள்ளம், படி என்று யாராவது கேட்டால், எத்தனை கிலோ என்று அவரிடமே கேட்கவும். நீயாகக் கணக்குப் போட வேண்டாம்.'

கடைசியாக ஒரு வரி. அதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. 'எதுவும் கிடைக்காவிட்டால் "விதை இல்லை" என்று சொல்லக் கூடாது. "பதிவேட்டில் இல்லை" என்று சொல்ல வேண்டும்.'

இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசம் மலையில் சின்ன விஷயம் இல்லை. மரவள்ளி வந்த பிறகு இங்கே சிறுதானிய நிலம் சுருங்கிப்போனது. மிச்சம் இருக்கும் ரகங்களைக் காப்பாற்ற எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் பல வருடங்களாக இங்கே விவசாயிகளோடு சேர்ந்து வேலை செய்திருக்கிறது, விதை வங்கிகளும் வந்தன. விதை என்பது பானையில் பூட்டிவைத்தால் அப்படியே இருக்கும் பொருள் இல்லை. சில வருடம் விதைக்காமல் விட்டால் முளைப்பு போய்விடும். 'இல்லை' என்ற பதிலை நம்பி ஒருவர் கேட்பதை நிறுத்திவிட்டால், அந்த ரகம் நிஜமாகவே இல்லாமல் போக வழி திறந்துவிடும்.

இன்னொன்றையும் அவர் சரிசெய்தார். 'பதிவுகளை அழிக்காதே' என்று முதலில் விளக்கத்திலேயே எழுத நினைத்தார். பிறகு, எழுதிவைப்பது பூட்டு ஆகாது என்று தோன்றியது. ஏஜென்ட் நுழையும் கணக்குக்குப் படிக்க மட்டும் அனுமதி கொடுத்தார். அழிக்கும் அனுமதியே கொடுக்கவில்லை.

மறுபடி போன் அப்பாயி கைக்கு வந்தது. அதே கேள்வி. இந்த முறை பதில் சரியாக வந்தது: 'திண்ணனூர் நாட்டில் ஒரு வீட்டில் கட்டவெட்டிச் சாமை விதை உள்ளது.' எத்தனை கிலோ என்பதும் கூடவே இருந்தது.

அப்பாயி விடவில்லை. "வெள்ளப் பெருஞ்சாமை யாருகிட்ட இருக்குது?"

'பதிவேட்டில் இல்லை.'

அப்பாயி மெல்ல எழுந்து உள்ளே போனார். அடுக்குப் பானைகள் உரசும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தவர், கைப்பிடி விதையைப் பேத்தியின் உள்ளங்கையில் வைத்தார்.

"எங்கிட்ட இருக்குது. எழுதிக்க."